பிள்ளைகளோடு பிரெஞ்ச் டோஸ்ட்: என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போன மே மாத லீவில் நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். என்னுடையது இரண்டு, நாத்தனாருடையது மூன்று. பத்து நாளில் நாலு தடவை பிரெஞ்ச் டோஸ்ட் செய்தோம். செய்தது அவர்கள், அடுப்புப் பக்கத்தில் காவல் நின்றது நான். லீவு முடிந்து ஊருக்குப் போன மூன்றும் அங்கே அம்மாவை நச்சரிக்க, அன்றைக்குத் தொடங்கியது போன். அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா, பள்ளிக்கூட வாசலில் நிற்கும் அம்மாமார், தக்கலையில் இருக்கும் மயினி. ஆள்தான் வேறு, சந்தேகம் ஒன்றுதான். எழுதி வைத்தால் அப்படியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

இது நம்ம வீட்ல செய்யுற முட்டை ரொட்டிதானே? இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பேரு?

அதேதான். முட்டையும் பாலும் சீனியும் அடித்து, ரொட்டியை அதில் முக்கி, கல்லில் போட்டு எடுப்பது. (இங்கே ரொட்டி என்று நான் சொல்வதெல்லாம் பேக்கரி ரொட்டி, அதாவது பிரட்.) நம் ஊரில் சிலர் பாம்பே டோஸ்ட் என்பார்கள். பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் இதை பிரெஞ்ச் டோஸ்ட் என்று சொல்வதில்லை. அவர்கள் மொழியில் இதன் பெயருக்குத் "தொலைந்துபோன ரொட்டி" என்று பொருள். காய்ந்துபோய் இனி ஆகாது என்று விட்ட ரொட்டியை மீட்டெடுப்பதால் அந்தப் பெயர். ஜெர்மனியில் "ஏழை வீரர்கள்" என்கிறார்கள். பிரான்ஸ் என்று ஒரு நாடு வருவதற்கு முன்னாலேயே, ரோமாபுரியில் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் பொரித்து மேலே தேன் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார்கள். பழைய ரொட்டியைத் தூக்கிப் போட மனசு வராத எல்லா ஊரிலும் இது தானாகவே பிறந்திருக்கிறது.

நாலு பேருக்கு எத்தனை முட்டை, எவ்வளவு பால்? டம்ளர் கணக்குல சொல்லுங்க.

டம்ளர் வீட்டுக்கு வீடு வேறு. அதனால் மில்லியிலேயே சொல்கிறேன். 4 துண்டு ரொட்டிக்கு 2 முட்டை, 120 மில்லி பால், 2 டீஸ்பூன் சீனி, ஒரு சிட்டிகை உப்பு, 2 ஏலக்காய். நாலு பேருக்கு 8 துண்டு வேண்டுமென்றால் எல்லாம் இரட்டிப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் இனிப்பு சப்பென்று இருக்கும்.

நாட்டுக்கோழி முட்டை என்றால் அளவு சிறியது, 2க்குப் பதில் 3 போடுங்கள். வாத்து முட்டை பெரியது, கொழுப்பும் கூடுதல். ஒன்றே ஒன்றரை முட்டைக்குச் சமம். அதில் செய்தால் நன்றாக வேகவிட வேண்டும்.

பேக்கரி ரொட்டி நல்லதா, பாக்கெட் ரொட்டி நல்லதா? பன் வச்சு செய்யலாமா?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மூலைக்கு மூலை பேக்கரி இருக்கும்போது நான் பாக்கெட்டுக்குப் போவதில்லை. வெட்டாத முழு ரொட்டியாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் வந்து விரல் தடிமனுக்கு வெட்டலாம். மெஷினில் வெட்டிய மெல்லிய துண்டு பிள்ளைகள் கையில் தாங்காது; தூக்கும்போதே இரண்டாகப் போய்விடும்.

பன்னிலும் செய்யலாம். குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டுப்பக்கத்தை மட்டும் பாலில் வையுங்கள். பன்னில் ஏற்கெனவே இனிப்பு இருப்பதால் சீனியைப் பாதியாக்குங்கள். கோதுமை ரொட்டி சரி. தேங்காய் பன், ஜாம் பன் வேண்டாம், உள்ளே இருப்பது ஒழுகிக் கல்லில் கருகும்.

பழைய ரொட்டிதான் நல்லதுன்னு சொல்றாங்களே, எத்தனை நாள் பழசு?

ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். முந்தின நாள் ரொட்டியில் ஈரம் குறைந்திருக்கும், உள்ளே இருக்கும் மாவுச்சத்தும் இறுகியிருக்கும். அதனால் பாலைக் குடித்தாலும் உருவம் கெடாது. அன்றைக்கு வாங்கிய ரொட்டிதான் இருக்கிறது என்றால், துண்டுகளைத் தட்டில் பரப்பி அரை மணி நேரம் ஃபேன் காற்றில் வையுங்கள். வெறும் கல்லில் லேசாகச் சூடு காட்டினாலும் போதும்.

ஆனால் பழசு வேறு, பூசணம் வேறு. நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் ரொட்டி இரண்டாம் நாளே பச்சைப் புள்ளி போடும். அந்த இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தைச் செய்யலாம் என்று என் மாமியார் சொல்வார்கள். கூடாது. மேலே தெரிவது கொஞ்சம்தான். நூல் நூலாக உள்ளே எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. முழு ரொட்டியையும் போட்டுவிடுங்கள். அதே பாக்கெட்டில் மூக்கை வைத்து மோந்து பார்க்கவும் வேண்டாம்.

எத்தனை வயசுல பிள்ளைங்கள அடுக்களைக்குள்ள விடலாம்? எனக்குப் பயமா இருக்கு.

இந்தச் சமையலில் எட்டு வேலை இருந்தால் ஏழில் சூடே கிடையாது. நான் இதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததற்குக் காரணமே அதுதான். ரொட்டியைத் தட்டில் அடுக்குவது, ஏலக்காய் தட்டுவது, முட்டை உடைப்பது, அடிப்பது, முக்குவது, பழம் நறுக்குவது, தட்டில் வைத்து அலங்காரம் செய்வது எல்லாம் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தே நடக்கும். எட்டாவது வேலையான அடுப்பு மட்டும் உங்களுடையது. மேடையில் ஸ்டூல் போட்டு ஏற்றுவதைவிடத் தரை நல்லது. கொட்டினாலும் பாயோடு போகும்.

மூன்று வயதுக்குச் சீனி போடவும் கலக்கவும் கொடுங்கள். ஐந்து வயதுக்கு முட்டை உடைக்க வரும், வெண்ணெய் தடவும் மழுங்கிய கத்தியால் பழம் வெட்ட வரும். எட்டு ஒன்பதில் நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு சட்டுவத்தைக் கொடுத்துத் திருப்பச் சொல்லலாம். கேஸ் பற்றவைப்பதை நான் என் மூத்தவளுக்கு இன்னும் கொடுக்கவில்லை. அவளுக்கு ஒன்பது. அதில் அவளுக்கு என் மேல் கோபம் உண்டு, இருக்கட்டும்.

அடுப்புப் பக்கம் வருகிற பிள்ளை தலைமுடியைக் கட்டியிருக்க வேண்டும், துப்பட்டா கூடாது. பாத்திரத்தின் கைப்பிடி சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். நாலு பிள்ளைகள் இருந்தாலும் அடுப்பு முன்னால் ஒரு நேரம் ஒரு ஆள்.

முட்டை உடைக்கச் சொன்னா ஓடெல்லாம் உள்ள போட்டுடுறான், என்ன பண்ண?

கிண்ணத்தின் விளிம்பில் தட்டச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். விளிம்பில் தட்டினால் ஓட்டின் சில்லு உள்ளே குத்திக்கொண்டு போகும். தரையிலோ பலகையிலோ சமதளத்தில் ஒரே தட்டு. விரிசல் விழுந்ததும் இரண்டு கட்டை விரலையும் அதில் வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். சில்லு விழுந்துவிட்டால் உடைந்த பெரிய ஓட்டாலேயே அதை அள்ளலாம், வழுக்காமல் வந்துவிடும். விரலால் துரத்தினால் அது ஓடிக்கொண்டே இருக்கும். விரலை நனைத்துக்கொண்டால் கொஞ்சம் பரவாயில்லை.

ஒவ்வொரு முட்டையையும் தனியாக ஒரு டம்ளரில் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெரிய பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். நான் இதைப் படித்த விதம் கேவலமானது. ஐந்து பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்திருக்க, மூன்று நல்ல முட்டை பாத்திரத்தில் விழுந்தாயிற்று, நாலாவது அழுகல். அந்த வாடையில் ஒன்று முற்றத்துக்கு ஓடியது, ஒன்று சிரித்து உருண்டது, மூன்று முட்டையும் வாழைத்தூருக்குப் போயிற்று. சந்தேகம் இருந்தால் உடைக்கும் முன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நாளாக ஆக உள்ளே காற்றறை பெரிதாகும், ரொம்பப் பழசு மிதக்கும்.

உடைத்து முடித்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பச்சை முட்டை கலந்த பாலை விரலால் தொட்டு நக்கவும் விடாதீர்கள். பச்சை முட்டையில் வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு, வெந்தால் பயமில்லை.

முட்டை வாடை அடிக்குதுன்னு சாப்பிட மாட்டேங்குறாங்க.

பாதி வாடை, சரியாக அடிக்காத முட்டையிலிருந்து வருகிறது. வெள்ளைக்கரு இழை இழையாக ரொட்டியின் மேல் நின்று, கல்லில் ஆம்லெட்டாகப் பொரிகிறது. முட்டையை முதலில் தனியாக நன்றாக அடித்து, அதன் பிறகு பால் சேர்த்து, ஒரு சாயா அரிப்பில் வடிகட்டிப் பாருங்கள். அரிப்பில் நிற்கும் வெள்ளை முடிச்சைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

ஏலக்காய் மீதி வாடையை எடுத்துவிடும். பட்டைப் பொடி பிடிக்கும் என்றால் அதைச் சீனியோடு கலந்து போடுங்கள், நேராகப் பாலில் தூவினால் மிதந்து முதல் துண்டிலேயே மொத்தமும் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் கிராம்பு இருந்தால் ஒன்றை நசுக்கிப் பாலில் போட்டு லேசாகச் சூடாக்கி ஆறவிட்டு எடுங்கள். நம் மலைக் கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அடுக்களையில் ஒரு டப்பா சும்மாதானே இருக்கிறது. ஒன்று போதும். இரண்டு போட்டால் பல்வலி மருந்து மாதிரி இருக்கும்.

ஊறப்போட்டா எடுக்கும்போதே பிஞ்சு போகுது. எவ்வளவு நேரம் ஊறணும்?

பழைய ரொட்டி, விரல் தடிமன் என்றால் ஒரு பக்கத்துக்குப் பத்து வரை எண்ணினால் போதும். அன்றைய ரொட்டி, மெல்லிய துண்டு என்றால் ஐந்து. ஆழமான பாத்திரத்தில் முக்காதீர்கள். சாப்பிடுகிற தட்டில் பாலை ஊற்றி, ரொட்டியைப் படுக்க வைத்துத் திருப்ப வேண்டும். எடுக்கும்போது ஒரு விரல் நுனியில் தூக்காமல் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி எடுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் இளையவனுக்கு ஐந்து வயது. எண்ணும் பொறுப்பு அவனுக்கு. ரொட்டியைப் பாலில் வைத்துவிட்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோய், "ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு" என்று எண்ணுவான். நாலு அவன் கணக்கில் கிடையாது. அக்கா திருத்துவாள், மறுபடியும் நாலு வராது. ஒன்பது எண்ணில் எடுத்த ரொட்டியும் நன்றாகத்தான் வந்தது.

வெளிய கருகிடுது, உள்ள நசநசன்னு இருக்கு. எங்க தப்பு?

என்னிடம் வரும் போனில் பாதி இதுதான். தீயைக் குறையுங்கள். ஊறிய ரொட்டியின் நடுவில் இருப்பது பச்சை முட்டையும் பாலும். அது உறைவதற்குச் சூடு மெதுவாக உள்ளே போக வேண்டும். வெளியே இருக்கும் சீனிக்கோ அவ்வளவு நேரம் பொறுமை இல்லை, தீ கூடினால் அது உடனே கருகிவிடும். கல்லை மிதமாகக் காயவைத்து, ரொட்டியைப் போட்டதும் சிறு தீ. ஒரு பக்கம் மூன்று நிமிடம், மறுபக்கம் மூன்று நிமிடம். தடித்த துண்டு என்றால் முதல் பக்கம் வேகும்போது மூடி போடுங்கள். திருப்பியதும் மூடியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆவி இறங்கி மொறுமொறுப்பு போய்விடும்.

வெந்ததா என்று பார்க்க நடுவில் சட்டுவத்தால் அழுத்துங்கள். பஞ்சு போல் எழும்பி வந்தால் வெந்தது. ஓரத்தில் பால் கசிந்தால் வேகவில்லை. சிறு தீயிலும் நசநச என்றால் பால் கூடிவிட்டது, அளவை மறுபடி பாருங்கள்.

பிள்ளைகளுக்கு ஆறு நிமிடம் நீளம்தான். "ஆச்சா, ஆச்சா" என்று உயிரை எடுப்பார்கள். தீயைக் கூட்டாதீர்கள், பழம் நறுக்க அனுப்புங்கள்.

வீடியோவுல வர்ற மாதிரி தடியா, பஞ்சு மாதிரி எப்படி வரும்?

முழு ரொட்டியை ஓர் அங்குலத் தடிமனில் வெட்ட வேண்டும். ஊறல் பத்து எண்ணில் முடியாது. தட்டில் வைத்து மூடி ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம், நடுவில் ஒரு தடவை திருப்ப வேண்டும். முந்தின நாள் இரவே ஊறவைத்துக் காலையில் சுடுவதும் உண்டு. கிறிஸ்துமஸ் காலையில் சர்ச்சில் பூசை முடிந்து பசியோடு வரும் வீட்டுக்கு இது நல்ல ஏற்பாடு. போர்ச்சுக்கல் நாட்டில் கிறிஸ்துமஸ் பலகாரமே இதுதான்.

சுடுவது மூடி போட்டு, சிறு தீயில், பக்கத்துக்கு ஐந்து நிமிடம்.

தோசைக்கல்லுல போட்டா அடுத்த நாள் தோசை ஒட்டும்னு எங்க அத்தை சண்டைக்கு வர்றாங்க.

அத்தை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒட்டவைப்பது முட்டையைவிடச் சீனி. அது கல்லில் உருகிப் பாகாகி மெல்லிய படலமாக நிற்கும், அடுத்த நாள் மாவு அதைப் பிடித்துக்கொள்ளும். கல் சூடாக இருக்கும்போதே கொஞ்சம் வெந்நீர் தெளித்துச் சட்டுவத்தால் வழித்து, ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் தடவி வைத்துவிட்டால் தோசைக்கு ஒன்றும் ஆகாது. கம்பி நாரால் தேய்த்தால்தான் கல்லின் பழக்கம் போய்விடும்.

அத்தை சமாதானம் ஆகவில்லை என்றால் வேறு கல் வாங்கிவிடுங்கள். ஒரு ரொட்டித் துண்டுக்காகக் குடும்பத்தில் மனக்கசப்பு எதற்கு.

எதுல சுடணும்? நெய்யா, வெண்ணெயா? தேங்காய் எண்ணெய்ல சுட்டா நல்லா இருக்குமா?

வெண்ணெய் வாசனை நன்றாக இருக்கும், ஆனால் அதிலுள்ள பால் திப்பி சீக்கிரம் கருகும். நெய்யில் அந்தத் திப்பி இல்லை, அதனால் பிள்ளைகளோடு செய்யும்போது நெய்தான் நிம்மதி. துண்டுக்கு அரை டீஸ்பூன். தேங்காய் எண்ணெய் நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் கை போகிற எண்ணெய், இதற்கும் ஒத்துப்போகும். மில்லில் ஆட்டிய எண்ணெய் என்றால் ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) பொரித்த வாசனை வரும். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்திருந்தால் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சுடுங்கள்.

சீனி போட இஷ்டம் இல்ல. கருப்பட்டி போடலாமா?

போடலாம். நான் இப்போது சீனியைவிட அதைத்தான் போடுகிறேன். ஆனால் தட்டி நேராகப் போடாதீர்கள், கல்லும் தூசியும் பல்லில் கடிபடும். கைப்பிடி கருப்பட்டியை அரை டம்ளர் தண்ணீரில் உருக்கி, வடிகட்டி, முழுக்க ஆறவிட்டு அதன் பிறகு சேர்க்க வேண்டும். சூடாக ஊற்றினால் முட்டை அங்கேயே வெந்து கட்டி கட்டியாகிவிடும், பாலும் திரிந்துபோகலாம். தண்ணீர் சேர்வதால் பாலை அந்த அளவுக்குக் குறையுங்கள். நிறம் கருப்பாகத்தான் வரும், கருகிவிட்டது என்று நினைத்து அவசரமாக எடுத்துவிட வேண்டாம்.

அடுத்தது என் கண்டுபிடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பசும்பாலுக்குப் பதில் தேங்காய் அரைத்துப் பிழிந்த முதல் பால், முட்டை, ஆறிய கருப்பட்டிப் பாகு, ஏலக்காய். வட்டிலப்பம் சாப்பிட்டவர்களுக்கு இந்தக் கூட்டு உடனே பிடிபடும். ரொட்டியை அதில் ஊறவைத்துச் சுட்டால், வெளிநாட்டுப் பலகாரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் மாமனார் இதற்கு முன்பு "பிள்ளைகள் தின்கிறது" என்று ஒதுக்கி வைத்தவர், இதை மட்டும் மூன்று துண்டு கேட்டு வாங்கினார்.

மேல என்ன வச்சு சாப்பிடணும்? மேப்பிள் சிரப் எங்க கிடைக்கும்?

அது கனடாப் பக்கத்து மரத்துச் சாறு. அவர்கள் ஊர் மரம் அவர்களுக்கு, நம் ஊர்ப் பனை நமக்கு. மேலே சொன்ன கருப்பட்டிப் பாகையே கொஞ்சம் சுக்கோடு இன்னும் சுண்டவைத்து, கம்பிப் பதத்துக்கு முன்னால் இறக்கினால் அதே வேலையைச் செய்யும். மார்த்தாண்டம் தேன் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். நம் பக்கத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் மரத்திலிருந்து வருகிறது. பூவில் இருந்துகூட இல்லை, புதிதாகத் துளிர்க்கும் இலைக் காம்பில் சுரக்கும் இனிப்பைத் தேனீ எடுக்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ரப்பர் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

பழம் என்றால் மட்டி வாழைப்பழம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பழம். தோல் மெல்லிசு, மணம் அதிகம், ஐந்து வயதுக் கைக்கு உரிக்கவும் வெட்டவும் வாகானது. அதைச் சுடாமல் அப்படியே வட்டம் வட்டமாக மேலே வையுங்கள். ஏத்தன்பழம் என்றால் நீளவாக்கில் வெட்டி, ரொட்டி சுட்ட அதே நெய்யில் இரண்டு பக்கமும் வாட்டி வையுங்கள். செந்துளுவன் (செவ்வாழை) குழைந்துவிடும், அதை மசித்து இரண்டு துண்டுக்கு நடுவில் தடவலாம்.

ஒரு வயசு ஆகாத பிள்ளைக்குக் கொஞ்சம் பிய்ச்சுக் கொடுக்கலாமா?

தேன் மட்டும் கூடவே கூடாது. ஒரு வயது வரை ஒரு துளிகூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்து, குழந்தையின் குடலில் முளைத்து உடம்பைத் தளரவைக்கும் நஞ்சை உண்டாக்கும். வீட்டு அடுப்புச் சூட்டில் அந்த வித்து சாகாது. பிறந்ததும் நாக்கில் தேன் தொட்டு வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆறு மாதம் கடந்து திட உணவு தொடங்கிய பிள்ளைக்கு, சீனியும் உப்பும் போடாமல், நன்றாக வெந்த மெத்தென்ற துண்டை விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுக்கலாம். முட்டையை முதல் தடவை கொடுப்பதாக இருந்தால் ரொம்பக் கொஞ்சம், அதுவும் காலையில், அன்று முழுக்கக் கவனிக்க நேரம் இருக்கும்போது. தடிப்பு, வாந்தி என்று ஏதாவது வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாங்க முட்டை சேர்க்க மாட்டோம். முட்டை இல்லாம வருமா?

வரும், ஆனால் அதே பலகாரம் இல்லை. 4 துண்டுக்கு 200 மில்லி பாலில் ஒன்றரை மேசைக்கரண்டி கஸ்டர்டு பவுடரும் சீனியும் கரைத்துக்கொள்ளுங்கள். கஸ்டர்டு பவுடர் பெரும்பாலும் சோளமாவுதான், பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். மாவு அடியில் படியும், அதனால் ஒவ்வொரு துண்டை முக்கும் முன்னும் கலக்க வேண்டும். அந்த வேலைக்கு ஒரு பிள்ளையை நியமித்துவிடுங்கள். ஊறலை ஐந்து எண்ணுக்குள் முடியுங்கள், முட்டை இல்லாதபோது பிடித்துவைக்க ஆள் இல்லை.

இரண்டு மட்டிப்பழத்தைப் பாலில் மசித்தும் செய்யலாம். வாசனை பிரமாதம், ஆனால் கருகுவதில் முதல் ஆள். தீ விஷயம் மேலே சொன்னதுதான், இதற்கு இன்னும் ஒரு படி குறைவு.

தவக்காலத்துல செய்யலாமா?

அது உங்கள் வீட்டு ஒறுத்தலைப் பொறுத்தது. கறி மீன் மட்டும் விடுகிறீர்கள் என்றால் தடையில்லை. ஸ்பெயின் நாட்டுக் கத்தோலிக்கர் வீடுகளில் தவக்காலத்துக்கும் புனித வாரத்துக்கும் உரிய பலகாரமே ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, முட்டையில் தோய்த்துப் பொரிப்பதுதான். இனிப்பையே விடுகிறவர்கள் அடுத்த பதிலைப் பாருங்கள்.

இனிப்பு வேண்டாம், காரமா செய்ய முடியுமா?

சீனியையும் ஏலக்காயையும் விட்டு, பாலைப் பாதியாக்குங்கள். உள்ளி (சின்ன வெங்காயம்), கறிவேப்பிலை, கொஞ்சம் நல்லமிளகுப் (குறுமிளகு) பொடி, உப்பு. உள்ளியை எவ்வளவு பொடியாக நறுக்க முடியுமோ அவ்வளவு பொடியாக. பெரிதாக இருந்தால் ரொட்டியில் ஒட்டாமல் கல்லிலேயே தங்கிவிடும். பச்சை மிளகாயைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், அந்தக் கை நேராகக் கண்ணுக்குத்தான் போகும்.

டிபன் பாக்ஸ்ல கொடுத்து விடலாமா?

நான் கொடுப்பதில்லை. பாலும் முட்டையும் சேர்ந்த பண்டம் நம் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. காலை ஏழரைக்குச் சுட்டு மத்தியானம் சாப்பிடுவது சரிப்படாது, அப்படியே தாங்கினாலும் ஆவியில் ஊறிக் கொழகொழத்திருக்கும். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சாயா போடுகிற நேரத்தில் சுட்டுக் கொடுங்கள்.

பாலும் முட்டையும் மிஞ்சிடுச்சு, நாளைக்கு வச்சுக்கலாமா?

பத்து விரல் பட்ட பால் அது. அன்றைக்கே முடித்துவிடுங்கள். சின்னக் கிண்ணத்தில் ஊற்றி இட்லிச் சட்டியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வைத்தால் புட்டிங் போல் உறைந்துவிடும்.

கை சுட்டுட்டா முதல்ல என்ன செய்யணும்? எங்க வீட்ல பேஸ்ட் தடவுவாங்க.

பேஸ்ட், இட்லி மாவு, மை, எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து, ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். இருபது நிமிடம் என்றால் பிள்ளை அழுது ஓய்ந்து, கதை கேட்கத் தொடங்குகிற அளவு நேரம். மோதிரம், வளையல் இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். முகத்திலோ, மூட்டிலோ, உள்ளங்கையை விடப் பெரிதாகவோ பட்டிருந்தால் தண்ணீர் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கள் வீட்டில் இதுவரை சுட்டுக்கொண்ட ஒரே ஆள் நான்தான். பேசிக்கொண்டே கல்லைத் தொட்டேன்.

அவனே ஆசையா செய்றான், கடைசியில வாயில வைக்க மாட்டேங்குறான். எங்க தப்பு?

தப்பு ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் பச்சை முட்டையின் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு அப்புறம் பசிக்காது. கல்யாண வீட்டில் சமையல்காரர் சாப்பிடாமல் மோர் குடிப்பது மாதிரி. வற்புறுத்தாமல் ஆறவிட்டுத் தட்டை அங்கேயே வையுங்கள். ஓரத்தை வெட்டி மொறுமொறுப்பை மட்டும் கொடுத்தாலும் சிலர் சாப்பிடுவார்கள்.

எங்கள் இளையவன் முதல் மூன்று தடவையும் ஒரு வாய் தொடவில்லை. தன் தட்டை எடுத்துக்கொண்டுபோய் முன்வாசலில் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு, அவர் சாயாவில் தொட்டுச் சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து பார்ப்பான். நாலாவது தடவை ஒரு மட்டிப்பழ வட்டத்தை மட்டும் எடுத்து வாயில் போட்டான். ரொட்டி இன்னும் தாத்தாவுக்குத்தான் போகிறது.